பொட்டு, பூ, புன்சிரிப்பு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். இன்று காலை பஸ்ஸில் முன் சீட்டு டீச்சரம்மாவின் முந்தானை கம்பிக்கு மேலாக வந்து என் மடியில் விழுந்து கிடந்தது. நான் ஆற்றைப் பார்த்தபடி ஏதோ யோசனையில் இருந்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. நுனியோடு நுனி சேர்த்து, கரை வெளியே தெரிகிற மாதிரி நாலாக மடித்து, மேலே ஒரு தட்டும் தட்டி, அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜங்ஷன் வந்ததும் அந்தம்மா எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. திரும்பி, "என்னம்மா செய்யுதீங்க?" என்றார். மன்னிப்பு கேட்டிருக்கலாம். "வேற கலர் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் ரொம்பவே சிரித்தான்.

ஆடித் தள்ளுபடி நேற்றோடு முடிந்தது. ஒரு மாதம் விடாமல் மடித்த கை, அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஆவணி பிறந்துவிட்டது, இனிமேல் கல்யாணக் கூட்டம். நான் இருப்பது மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. அதிலும் முகூர்த்தப் பட்டு. மணப்பெண் தோளில் சேலையைப் போட்டு, கொசுவம் வைத்து, பின் குத்திக் கண்ணாடி முன்னால் நிறுத்துவது என் வேலை. நிறுத்திவிட்டால் முக்கால்வாசி வியாபாரம் முடிந்த மாதிரி.

இந்த டைரி, வருசப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் டைரி மேல் தப்பு.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாப்பாட்டு அறைச் சுவரில் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'பொட்டு, பூ, புன்சிரிப்பு. மூன்றும் கட்டாயம். தவறினால் அபராதம்.' பொட்டு நம் செலவு. பூ கடைச் செலவு. காலையில் கேட்டில் செக்யூரிட்டி ஆளுக்கொரு துண்டு பிச்சிப்பூ கிள்ளித் தருவார். புன்சிரிப்பு யார் செலவு என்று போடவில்லை.

என்னோடு நிற்கும் ஜெபமணி வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வீட்டில் பொட்டு வைக்கமாட்டாள். கேட்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு உள்ளே வருவாள், சாயந்திரம் உரித்து மணிபர்சுக்குள் ஒட்டிக்கொள்வாள். நானும் பஸ் ஏறுமுன் பூவை எடுத்துவிடுவேன். வீட்டில் எனக்குப் பூ வைக்கிற பழக்கமில்லை. அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நிற்பது கூத்து முடிந்து வேசம் கலைக்கிற மாதிரி இருக்கும்.

எடுத்த பூ பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. அது எனக்காகத் தெரு முனையில் காத்திருக்கும். திருநெல்வேலியில் தினமும் பிச்சிப்பூ தின்கிற ஆடு அது ஒன்றுதான்.

என் யூனிபார்ம் சேலையில் 'மகா' என்று பெயர் குத்தியிருக்கிறது. உச்சிமாகாளி என்று போட்டால் வாடிக்கையாளர் பயப்படுவார்களாம். மாடி சூப்பர்வைசர் தளவாய் சார் சொன்னது. தளவாய் என்று பெயர் வைத்துக்கொண்டு வாக்கிடாக்கியோடு அலைகிற ஆளைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

எழுத உட்கார்ந்தால் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான். வேறொன்றுமில்லை.

மத்தியானம் ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. மணப்பெண் கோமதிப்ரியா, நல்ல வாயாடி. எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது.

"யக்கா, ஒடம்பு அரிக்காத பட்டா காட்டுங்க."

"அரிச்சா என்ன பிள்ள? தாலி ஏறுத நேரம் எல்லாரும் மாப்பிள்ளை கையத்தான் பாப்பாவ. சொறிஞ்சிக்கிடலாம்."

அவளுடைய அம்மா பிரம்மசக்தி மட்டும் தூண் பக்கத்து நாற்காலியில், எல்லோருடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருப்பேனா?

"மைனி, நீங்க பை காவலுக்கா வந்தீய? கிட்ட வாங்க."

"நீங்க காட்டுங்க. நான் இங்ஙனருந்தே பாக்கேன்."

நெற்றியில் விபூதி மட்டும்தான் இருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. வேலை மும்முரம்.

அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை, முந்தியில் அன்னம். அதை அவள் தோளில் போட்டதும் கூட்டமே வாயை மூடிக்கொண்டது. என் தொழிலில் அந்தச் சத்தமில்லாத நேரத்துக்குத்தான் காத்திருப்போம். பிள்ளை கண்ணாடியைவிட்டு நகரவில்லை. "இதான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து இறங்கினாள் மாப்பிள்ளையின் அத்தை சண்முகவடிவு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்தவள். முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டு முறை, அதனால் அவள் வைத்ததுதான் சட்டம். கரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் முகம். அப்புறம் என் தலை.

"நீ உச்சிமாகாளில்லா? லோடுமேன் வேலாண்டி பொண்டாட்டி?"

"ஆமா மைனி. நல்லாருக்கீயளா?" என்று பல்லைக் காட்டினேன். என் புத்தி அப்படி.

"அவன் செத்து வருசம் மூணாவுதே! பூவு வச்சிருக்க?"

"கடையில குடுத்தாவ. வச்சேன்."

அவள் என்னைவிட்டுத் திரும்பினாள். பிள்ளையின் தோளிலிருந்து சேலையை உருவினாள். "கழட்டுட்டி. தாலியறுத்தவ கையால முகூர்த்தச் சேலையா? நல்லாத்தான் கடை நடத்துதாவ. வேற சேலை எடு. வேற ஆளைக் கூப்பிடு."

தூண் பக்கம் பிரம்மசக்தி மைனி எழுந்தார். மடியிலிருந்த பாட்டில் உருண்டது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் சார் ஓடி வந்தார். "அதுக்கென்ன மேடம், வேற ஆள் காட்டுவாங்க. ஜெபமணி!"

"இவ கை படாத சேலையா இருக்கணும்" என்றாள் சண்முகவடிவு.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "கை படாததுக்கு எங்க போவ மைனி? அந்தச் செவரு முழுக்கக் காலையில நான் மடிச்சு அடுக்குனதுதான். இங்க முகூர்த்தப் பட்டு எடுத்த பொண்ணுவ எல்லாரும் நான் மடிச்சதைத்தான் கட்டிப் போனாவ. ஒருத்தியும் திரும்பி வந்து கொறை சொல்லல."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சேலை விரிக்கிற பக்கத்து மெத்தையில் இன்னொரு கல்யாணக் கூட்டம் இருந்ததை மறந்துவிட்டேன். அவர்களும் கையிலிருந்த சேலையை மெதுவாகக் கீழே வைத்தார்கள். தளவாய் சார் முகத்தில் ரத்தம் இல்லை. வாக்கிடாக்கியில் கோடவுனைக் கூப்பிட்டு, பிரிக்காத கட்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். ஜெபமணி அதைப் பிரித்துக் காட்ட, குங்குமக் கலரில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். சேலையைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா, தெரியாது.

ஜெபமணி புருசன் கேரளாவுக்குப் போகிறேன் என்று போய்ப் பல வருசம் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தெரியாதவரை அவள் சுமங்கலி. எனக்குத் தெரிந்துபோனதுதான் என் குற்றம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தளவாய் சார் கூப்பிட்டார். படிக்கட்டுத் திருப்பத்தில் நிறுத்தி வைத்துப் பேசினார். அறைக்குள் கூப்பிட்டால் பெரிய விசயமாகிவிடுமாம்.

"யக்கா, நாளையிலருந்து நீங்க கீழ போங்க. உள்பாவாடை செக்சன்."

"பாவாடைக்குச் சாஸ்திரம் கிடையாதா சார்?"

"வெளையாடாதீங்க. ரெண்டு பார்ட்டி கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்க. மறுபடி உங்களை மூணாவது மாடியில பாத்தா கணக்கு முடிச்சு அனுப்பிருவேன். எனக்கு மேல ஆள் இருக்கு."

"பூவு?"

தலையைச் சொறிந்தார். சாயம் விரலில் ஒட்டியது. "பூ... கொஞ்ச நாளைக்கு வேண்டாமே."

ஜெபமணி அழுதாள். "நீ எதுக்குட்டி அழுத? ஒனக்குத்தான் பிரமோசன்" என்றேன். இன்னும் அதிகமாக அழுதாள். இவளோடு பெரிய தொல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூ வைக்காததற்கு அபராதம் போட்டுவிட்டார்கள். கீழ்த்தள சூப்பர்வைசருக்கு யாரும் சொல்லவில்லையாம்.

ஆகஸ்ட் 23, சனி

தளவாய் சாரைத் தேடிப் பிடித்தேன். "சார், வச்சா கல்யாணம் கெடுது. வைக்காட்டி என் சம்பளம் கெடுது. ஒரு காதுப் பக்கம் மட்டும் வைக்கட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தெரிந்ததும் இன்னும் கடுப்பாகி, "போர்டுல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க" என்றார். ஆக, பூ வைக்கலாம். பூ வைத்துக்கொண்டு பட்டைத் தொடக் கூடாது.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், யாராவது எனக்கு விளக்கட்டும். மேலே முகூர்த்தச் சேலை எடுத்தவர்கள் நேராகக் கீழே என்னிடம்தான் வருகிறார்கள், அந்தச் சேலைக்கு நிறம் பொருந்திய பாவாடைக்கு. நானே தேடி, நானே உதறி, நானே அவர்கள் கையில் கொடுக்கிறேன். கல்யாணத்தன்று இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கும். மேலே கட்டுவதற்குத் தோசம் உண்டாம், உள்ளே கட்டுவதற்கு இல்லையாம். நாடா வரைக்கும் நான் நல்லவள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நல்ல கூட்டம். கால் இரண்டும் வீங்கிவிட்டது. செருப்பு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

பஸ் ஏறுமுன் பூவை எடுக்க மறந்துவிட்டேன். தெரு முனையில் இறங்கியபிறகுதான் ஞாபகம் வந்தது. வந்தபிறகு எடுக்கவும் மறந்துவிட்டேன். ஆடு காத்திருந்து பார்த்துவிட்டு, என் தலையைப் பார்த்துக் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. அது மட்டும் சும்மா வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். "என்ன மாகாளி, விசேசமா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, ஆட்டுக்குப் பொறந்த நாளு" என்றேன்.

வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள்கூட ஒரு முழம் வாங்கி வந்ததில்லை இந்த மனிதர். கேட்டால், "நீ வெளிய போறப்ப பாத்து வாங்கிக்க" என்பார். பூவுக்கும் அவருக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். செத்தபிறகு ஊரில் உள்ள பிச்சிப்பூ முழுவதும் அவர் சொத்தாகிவிட்டது.

படத்தைத் துடைத்தேன். கண்ணாடியில் தூசி இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லீவு. மாவு ஆட்டினேன். யூனிபார்மைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். கஞ்சி கூடிப்போய்ச் சேலை தானாக நிற்கிறது. வேலைக்கு அதை மட்டும் அனுப்பிவிடலாம். ஒன்றையும் பற்றி யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாவாடைக் குவியலுக்குள் தலையைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். "யக்கா" என்று ஒரு குரல். கோமதிப்ரியா. அவளோடு அம்மா மட்டும். கையில் அந்தக் குங்குமக் கலர் சேலை.

"வா பிள்ள. கல்யாணக் களை வந்துட்டுதே! மாப்பிள்ளைகூட ராத்திரியெல்லாம் போனுல பேசுனா இப்பிடித்தான் கண்ணுக்குக் கீழ கருக்கும்."

பிள்ளை சிரிக்கவில்லை. அம்மாதான் பேசினார். தலையைக் குனிந்துகொண்டு, பாவாடை நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு பேசினார்.

"அன்னைக்குப் பேசணும்னுதான் எந்திரிச்சேன் தாயி. வாய் வரல. நானும் ஒங்களை மாதிரிதான. இவ அப்பா போயி எட்டு மாசம் ஆவுது. நம்ம பேசுனா, பொண்ணுக்கு என்ன சொல்லிருவாவளோன்னு..."

"எந்திரிச்சதைப் பாத்தேன் மைனி. அதுவே போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுடைய முகூர்த்தச் சேலையைப் பெற்றவள் தூண் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். நான் வேறு பை காவலுக்கா வந்தீர்கள் என்று கேலி பேசியிருக்கிறேன். என் நாக்கை எந்தப் பாவாடை நாடாவால் கட்டிப்போடுவது?

கோமதிப்ரியா சேலையை மேசையில் போட்டாள். "எனக்கு இது வேண்டாம்க்கா. அந்த அரக்குதான் வேணும். பில் இருக்கு, மாத்திக்கிடலாம்னு நீங்கதான் போர்டு போட்டிருக்கீயளே. நாளைக்கு வாரோம். நீங்கதான் எடுத்துக் குடுக்கணும், எங்கம்மாதான் கையில வாங்கணும்."

"கோட்டி பிடிச்சிட்டாட்டி? அந்த அத்தை சும்மா விடுவாளா? நான் தொடக் கூடாது" என்றார் அம்மா.

"ஏம்மா, என்னையப் பெத்துத் தூக்குனது இந்தக் கைதான? அப்ப ஒண்ணும் ஆவலயே. அவுககிட்டயும் கேட்டுட்டேன். 'எனக்கு ரெண்டும் செவப்பாத்தான் தெரியுது, ஒனக்குப் பிடிச்சதைக் கட்டு'ன்னுட்டாவ."

நிறம் தெரியாத மாப்பிள்ளை கிடைப்பதற்கும் கொடுத்து வைக்க வேண்டும்.

நான் மேலே வரக் கூடாது, வந்தால் வேலை போய்விடும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. "நாளைக்கு வா பாப்போம்" என்றேன்.

அவர்கள் போனதும் ஜெபமணியிடம் விசாரித்தேன். அரக்கு விற்றுவிட்டதா? இல்லையாம். இத்தனை நாளும் அதை யாருக்கும் காட்டாமல் அடியில் திணித்து வைத்திருக்கிறாள். "ஏன்ட்டி?" என்றேன். "சும்மா" என்றாள்.

எனக்குப் பயமில்லை. தூக்கம் வராதது கொசுவால்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்தார்கள். கீழே வந்து என் கையைப் பிடித்தே லிஃப்டில் ஏற்றினாள் பிள்ளை. லிஃப்ட் மூன்றாவது மாடியில் திறந்ததும் எதிரே தளவாய் சார்.

"யக்கா, நான் என்ன சொல்லிருந்தேன்?"

"நான் எங்க வந்தேன் சார்? கஸ்டமர் கூட்டியாந்தாவ. கஸ்டமர் சொன்னா செய்யணும்னு போர்டு இல்லையா?"

கோமதிப்ரியா குங்குமக் கலரை அவர் கையில் வைத்தாள். "சார், எனக்கு அரக்குச் சேலை வேணும். இந்த அக்கா எடுத்துத் தரணும். இல்லாட்டி வேன் நெறைய வாங்குன எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்து இங்க கொட்டுவேன். மாப்பிள்ளைகிட்ட பேசுதீயளா?" போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல், "சார், குடுத்துருங்க சார், எனக்கு இங்க வேலை இருக்கு" என்றது.

தளவாய் சார் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி. இன்னைக்கு மட்டும். அந்தா, ஓரமா வச்சு, யாருக்கும் தெரியாம..."

"ஓரமாவா?" பிள்ளை நடு மெத்தையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபமணி அடியிலிருந்து அரக்கை உருவிக்கொண்டு வந்தாள். முகூர்த்தப் பட்டுக்கென்று கடையில் ஒரு பித்தளைத் தட்டு உண்டு. மஞ்சள், குங்குமம், பூ வைத்து, நடுவில் சேலையை வைத்தேன். மைனியிடம் நீட்டினேன். மைனி இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்குங்க மைனி. தட்டு கனக்கு. எனக்கு வயசாவுதுல்லா."

கை வெளியே வந்தது. வாங்கிக்கொண்டார். தட்டு கொஞ்சம் ஆடியது. குங்குமம் சிந்தவில்லை.

மாடி இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மெத்தையில் ஒரு கூட்டம் பெரிய கரையா சின்னக் கரையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எங்களை ஒரு ஆளும் பார்க்கவில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் வந்தது. இதற்காகவா என்னைப் பாவாடைக்கு அனுப்பினார்கள்?

சண்முகவடிவு இன்னும் வந்து கத்துவாள். தளவாய் சார் அதற்கு நாளைக்கு என்னைத்தான் கேட்பார். நாளைக்குக் காலையில் நான் போய் நிற்கப் போவதும் பாவாடைப் பக்கம்தான். அதையும் அவரே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அம்மாவே மகள் தோளில் சேலையைப் போட்டார். நான் கொசுவம் வைத்தேன். மைனி முந்தியைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து தோளில் பின் குத்தினேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. குத்தி முடித்ததும், "போ பிள்ள, கண்ணாடியப் பாரு" என்றேன்.

பிள்ளை கண்ணாடிக்குப் போனாள். நானும் போனேன். போக நினைக்கவில்லை. என் முந்தானையையும் சேர்த்துக் குத்தியிருந்தேன்.

தளவாய் சார் வாக்கிடாக்கியில் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். பின்னைக் கழற்றினால் போதும் என்று ஜெபமணி சொன்னாள். கழற்றினார்கள். பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூனிபார்மில் சின்ன ஓட்டை.